பின்கதவுள்ள வீடுகள்: கொடைக்கானல் பாதிரிமார் பங்களாக்கள்

1

கொடைக்கானலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் ஏரி உண்டு, பனி உண்டு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி உண்டு. அவ்வூரின் பழைய வீடுகளைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. ஊட்டி, அரசு அதிகாரிகள் கட்டிய ஊர். அங்கே கட்டடங்களிடம் ஓர் அதிகாரத் தோரணை இருப்பது இயல்பு. கொடைக்கானலோ பெருமளவுக்குப் பாதிரிமார் கட்டிய ஊர். இந்திய மலைவாசத்தலங்களுள் அமெரிக்கர் தொடங்கியது இது ஒன்றே என்பர். எனவே இதன் பழைய வீடுகளைப் படிப்பது பாதிரியார் வீடு என்ற ஒரு தனி வகையைப் படிப்பதாகும்.

தமிழ் இலக்கியம் பயின்று, கல்லூரி ஒன்றில் அதையே கற்பித்துவரும் நமக்குக் கட்டடக்கலை தொழிலன்று. ஆயினும் இவ்வீடுகளோடு நமக்கு இரண்டு உறவுகள் உண்டு. ஒன்று, நாம் ஆண்டுதோறும் வகுப்பில் பாடமாக நடத்தும் கால்டுவெல் தம் இறுதி நாள்களைக் கழித்தது இம்மலையில். மற்றொன்று, நம் அப்பத்தா செண்பகனூர்ப் பக்கத்துக்காரர். 1950களில் ஒரு பாதிரியார் குடும்பத்தின் கோடை வீட்டில் ஆயாவாக வேலை பார்த்தவர். நாம் பள்ளிச் சிறுவராயிருந்த காலத்தில் அவர் அந்த வீட்டைப் பற்றிப் பேசாத நாளில்லை. முன்னவர் வழியாக நமக்குக் கிடைத்தது வீட்டின் முன்வாசல். பின்னவர் வழியாகக் கிடைத்தது பின்கதவு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

2

பழனி மலைத்தொடரை 1821இல் ஆங்கிலேய அதிகாரி வார்டு அளந்தார். 1834இல் மதுரைப் பகுதியின் உதவி கலெக்டர் ரவ்டன் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறிச் செண்பகனூருக்கருகே சிறு பங்களா ஒன்றைக் கட்டினார். அதே 1834இல்தான் மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கப்பட்டது. வந்த பாதிரிமாரும் அவர்தம் மனைவியரும் குழந்தைகளும் வெயிலிலும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் ஒருவர்பின் ஒருவராக மடிந்தனர். பத்தாண்டுக்குள் ஏற்பட்ட இந்த இழப்பு, குளிர்ந்த இடமொன்றைத் தேட வைத்தது. முதலில் திண்டுக்கல்லுக்கு அண்மையிலுள்ள சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. அதன்பின்னரே பழனி மலையின் உச்சிக்கு வந்தனர். 1845இல் தென்விளிம்பை ஒட்டி இரண்டு பங்களாக்கள் எழுந்தன. ஒன்றின் பெயர் சன்னிசைடு, மற்றதன் பெயர் ஷெல்ட்டன். கொடைக்கானல் என்னும் ஊர் இவ்விரு வீடுகளிலிருந்தே வளர்ந்தது.

ஆக, இந்த வீடுகளின் அடித்தளத்தில் இருப்பது மரண பயம். இதை மனத்திற்கொண்டு பார்த்தால் வீட்டின் ஒவ்வோர் உறுப்பும் விளங்கத் தொடங்கும். மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பது பொருள். தாழ்நிலத்தின் அழுகலிலிருந்து எழும் தீய ஆவியே காய்ச்சலைத் தருகிறது என்பது அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. கொசுவே அக்காய்ச்சலின் ஊர்தி என்பதை ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே கட்டப்பட்ட இவ்வீடுகள் கெட்ட காற்றிலிருந்து தப்புவதற்காகக் கட்டப்பட்டவை. பள்ளத்தைத் தவிர்த்து மேட்டின் விளிம்பில் நின்றன. தரையிலிருந்து உயர்த்திய பீடம், அதன்மேல் பலகைத் தளம், பலகைக்கும் மண்ணுக்கும் இடையே காற்றோட, வெளிச்சுவரின் அடியில் சிறுசிறு துளைகள். குளிரில் நடுங்கினாலும் அறைக்கு இரண்டு பக்கம் சன்னல். நம்பிக்கை தவறு, தீர்வு சரி. ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் அந்தக் கொசு பெருகுவதும் நோய்க்கிருமி அதன் உடலில் வளர்வதும் அரிது. அறியாத பகைவனுக்கு எதிராகக் கட்டிய கோட்டை அறியாமலே வென்றது.

சமவெளியின் மிஷன் பங்களாவுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். மதுரையிலோ பசுமலையிலோ பாதிரியார் வீடு வெயிலுக்கு எதிரானது. உயர்ந்த கூரை, தடித்த சுவர், நாற்புறமும் அகன்ற தாழ்வாரம். நிழலே அங்கு முதற் கட்டுமானப் பொருள். பங்களா என்ற சொல்லே வங்காளத்துக் குடிசையிலிருந்து வந்தது. அந்தக் குடிசையின் தாழ்ந்த கூரைச் சாய்வைத்தான் வெள்ளையர் தாழ்வாரமாக விரித்தெடுத்தனர். மலைக்கு வந்ததும் அவ்வடிவம் சுருங்குகிறது. கூரை தாழ்கிறது, அறைகள் சிறுக்கின்றன, திறந்த தாழ்வாரம் கண்ணாடி பதித்த முன்னறையாக மாறுகிறது. வெயிலைத் தடுத்த அதே இடம் இங்கே வெயிலைப் பிடித்து வைக்கும் கூண்டாகிறது. காலை பத்து மணிக்கு அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, முதல் வீட்டுக்கு 'வெயில்பக்கம்' என்று பொருள்படும் பெயரை ஏன் வைத்தார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். மதுரையில் வெயிலுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் மலையில் தம் வீட்டுக்கு வெயிலின் பெயரையே இட்டது வாழ்க்கையின் விநோதங்களுள் ஒன்று.

3

இன்று பேருந்தில் ஏறினால் வத்தலக்குண்டிலிருந்து சில மணி நேரத்தில் ஏரிக்கரையில் இறங்கிவிடலாம். லா என்ற அதிகாரியின் பெயரால் வழங்கும் அந்த மலைச்சாலை 1914இல் முடிக்கப்பட்டது. அதற்கு முன் எழுபது ஆண்டுகள், இம்மலை வீடுகள் அத்தனையும் ஒற்றையடிப் பாதையைவிடச் சற்றே அகன்ற குதிரைப்பாதை வழியாகவே மேலே வந்தன. 1875இல் அம்மையநாயக்கனூர் வரை இருப்புப்பாதை வந்தபின், அந்த நிலையம் கொடை ரோடு எனப் பெயர் பெற்றது. அங்கிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டி. மலையடிவாரத்தில் பெரியகுளத்துக்கு அண்மையிலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பில் இறங்கி, பின்னர் பத்து மைலுக்கு மேற்பட்ட ஏற்றம். நோயாளிகளும் பெண்களும் குழந்தைகளும் டோலியில் போனார்கள். டோலியைத் தூக்கியவர்கள் தமிழர்கள்.

கல் மட்டும் மலையிலேயே கிடைத்தது. மரமும் தொடக்கத்தில் சோலைக்காடுகளிலிருந்து கிடைத்தது. மற்றவை எல்லாம் தலைச்சுமை. சுண்ணாம்பு, இரும்புக் கீல், ஆணி, தகரம், கண்ணாடி. சில ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கு மேற்புறத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது நாம் அவ்வழியே போக நேர்ந்தது. இரண்டடிக்குக் குறையாத சுவரின் வெட்டுமுகம் புத்தகம்போலத் திறந்து கிடந்தது. வெளிமுகத்தில் செதுக்கிய கருங்கல். கல்லின் இடுக்குகளில் மட்டும் சுண்ணாம்புக் காரை. உள்ளே முழுவதும் மண்சாந்தும் சில்லுக் கல்லும். சுண்ணாம்பு தலைச்சுமையாக வந்த காலத்தின் சிக்கனம் அது. நம்முடன் நின்றிருந்த கொத்தனார் ஒருவர் அந்த மண்சாந்தை விரலால் நெருடிப் பார்த்து, "இது நம்ம ஆளுக வச்ச சுவருதான் சார், கை தெரியுது" என்றார். நூறாண்டுக்கு முந்திய கையை இன்னொரு கை அடையாளம் காணும் அந்தக் கணத்தில், ஐரோப்பியக் கட்டடம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவதில் உள்ள பாதி உண்மை நமக்கு உறைத்தது.

கூரைக்கும் ஒரு கதையுண்டு. தொடக்கக்கால வீடுகள் புல் வேய்ந்தவை. பின்னர் தகரமும் ஓடும் வந்தன. நாம் மங்களூர் ஓடு என்று சொல்லும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓடும் ஒரு மிஷனின் படைப்பே. ஜெர்மானியரும் சுவிட்சர்லாந்துக்காரருமாகச் சேர்ந்து நடத்திய பாசல் மிஷன், மதம் மாறியதால் தொழிலிழந்தவர்களுக்கு வேலை தரும் பொருட்டு, 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதன் சூத்திரதாரி ஜார்ஜ் பிளெப்ஸ்ட். பாதிரியார் வீட்டின் கூரைக்காகவென்று அது தொடங்கப்படவில்லை. என்றாலும் தென்னிந்தியாவில் பள்ளிக்கூடம், ரயில் நிலையம், வீடு எல்லாவற்றின் தலையிலும் அந்தச் சிவப்பு ஏறியது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் இம்மலையில் செங்குத்தாகச் சாய்ந்த கூரைக்கு அது பொருந்தி நின்றது. ஓர் ஓடு இரண்டு கிலோவுக்கு மேல் எடை கொள்ளும். சாலை வருமுன் ஒரு சிறு வீட்டின் கூரைக்கு எத்தனை தலைகள் எத்தனை முறை ஏறியிறங்கியிருக்க வேண்டும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

4

உள்ளே போவோம். கண்ணாடி முன்னறையைத் தாண்டினால் கூடம். கூடத்தின் நடுநாயகம் கணப்படுப்பு. நம் மரபு வீட்டில் முற்றம் எந்த இடத்தை வகிக்கிறதோ அதை இவ்வீட்டில் நெருப்பு வகிக்கிறது. நாற்காலிகள் அதை நோக்கித் திரும்பியிருக்கும். மாலைச் செபம் அதன் முன்னே நடக்கும். சுவரோடு சுவராக எழும் புகைபோக்கி கூரைக்கு மேலே கல்தூணாக நிற்கும். ஒரே புகைபோக்கியின் இருபுறமும் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு அடுப்புகள் இரண்டு அறைகளுக்குச் சூடு கொடுக்கும்படி அமைத்த வீடுகளும் உண்டு.

அந்த நெருப்புக்குப் பசி அதிகம். சோலைக்காடு மெதுவாக வளர்வது. எரித்தால் திரும்புவது அரிது. 1867இல் பார்ட்ரிட்ஜ் என்ற படை அதிகாரி ஆஸ்திரேலியாவின் யூகலிப்டசையும் வேட்டல் என்னும் சீகை மரத்தையும் இங்கே கொண்டுவந்தார். விரைவாக வளரும் விறகு அது. பின்னாளில் அரசுத் தோட்டங்களாகப் பெருகிய இம்மரங்கள் புல்வெளிகளை விழுங்கின. புல்வெளி போனால் குறிஞ்சி இல்லை. கூடத்தின் நடுவே எரிந்த நெருப்புக்கும், நாம் வகுப்பில் பேசும் குறிஞ்சிநிலத்தின் தேய்வுக்கும் இடையே இப்படி ஒரு நேர்க்கோடு ஓடுகிறது. ஒரு வீட்டின் எல்லை அதன் சுவரோடு முடிவதில்லை.

பாதிரியார் வீடுகள் எல்லாம் ஒருபடித்தானவையும் அல்ல. கத்தோலிக்கர் பங்கு இம்மலையில் தனியானது. பிரெஞ்சு சேசு சபைக் குருவான லூயி சேன்-சீர் 1860களில் இங்கு வந்தார். லா சலேத் மாதா கோயில் 1866இல் எழுந்தது. 1895இல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி தொடங்கியது. மணமாகாத குருமார்களின் இல்லத்தில் வீட்டின் அலகு அறை. நீண்ட நடை, அதன் ஓரமாக வரிசையாய் ஒரேமாதிரி அறைகள், பொதுவான உணவுக்கூடம், ஆலயம். சீர்திருத்த சபைப் பாதிரியாரின் வீட்டிலோ அலகு குடும்பம். கூடத்துக்கு அடுத்தபடி முக்கியமான அறை குழந்தைகளுடையது. அதுவே பெரும்பாலும் வெயில் அதிகம் படும் மூலையில் இருக்கும். எந்தக் குழந்தைகளைச் சமவெளியில் புதைத்துவிட்டு வந்தார்களோ அவர்களுக்கான வெயில் அது. இந்தக் குழந்தையறையே நாளடைவில் ஒரு பள்ளிக்கூடமாக வளர்ந்தது. 1901இல் ஹைகிளார்க் என்ற பெயரில் பதின்மூன்று பிள்ளைகளுடன் தொடங்கிய பள்ளி, இன்று கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக இருக்கிறது. அதன் முதல் தலைமையாசிரியர் மார்கரெட் எடி என்ற அம்மையார்.

5

பாதிரியார் வீட்டில் இன்னோர் அறை உண்டு. சிறியது, பெரும்பாலும் முன்வாசலை ஒட்டியது. படிப்பறை. வேல்ஸ் நாட்டின் லான்ரையாடர் என்ற சிற்றூரில் பங்குக் குருவாக இருந்த வில்லியம் மார்கன், 1588இல் விவிலியம் முழுவதையும் வேல்ஷ் மொழியில் வெளியிட்டார். ஆங்கிலத்தின் நெருக்குதலில் தேய்ந்துபோயிருக்கக்கூடிய ஒரு மொழிக்கு அந்த நூலே உரைநடையின் அளவுகோலாகி உயிர் கொடுத்தது என்பர். நாட்டுப்புறக் குருவின் வீடு ஒரு மொழியின் பட்டறையாக மாறுவது உலகெங்கும் நடந்திருக்கிறது. நம்மிடம் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர், இடையன்குடியில் கால்டுவெல்.

கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில் பிறந்து, 1838இல் சென்னைக்கு வந்து, 1841 முதல் இடையன்குடியில் தங்கியவர். இளமையில் ஓவியம் பயின்றவர். தேரி மணற்பரப்பின் ஓரத்தில் தெருக்களை நேராக வகுத்து ஓர் ஊரை அமைத்தார். 1847இல் அடிக்கல்லிட்ட ஆலயம் 1880இல்தான் முடிந்தது. அதன் சன்னல் வேலைப்பாடுகளுக்குத் தாமே களிமண்ணில் மாதிரி பிடித்துக் கொத்தர்களுக்குக் காட்டினார் என்பது அங்கே வழங்கும் செய்தி. 1856இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணம் தமிழ்க் கல்வியின் திசையையே மாற்றியது. நம்மைப் போன்ற தமிழாசிரியர்களின் தொழில்மானமே ஒருவகையில் அந்த நூலோடு கட்டப்பட்டது. இடையன்குடி வீடு இன்று நினைவில்லம். ஓட்டுக்கூரை, தடித்த சுவர், நிழல். கணப்படுப்புக்கு அங்கே வேலையில்லை.

முதுமையில் உடல் தளர்ந்து, 1891இல் பொறுப்பிலிருந்து விலகிக் கொடைக்கானலுக்கு வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் இங்கேயே காலமானார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. மோட்டார்ச் சாலை வர இன்னும் இருபத்துமூன்று ஆண்டுகள் இருந்தன. எனவே அவ்வுடல் இறங்கியதும் ஆட்களின் தோள்வழிதான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கண்டவரைச் சுமந்திறங்கிய தோள்களின் மொழி தமிழ். அந்தத் தோளுக்குரியவர்கள் பெயரின்றிப் போயினர். வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நாம் சற்று நிறுத்துவதுண்டு. மாணவர்கள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

6

நம் அப்பத்தாவிடம் அந்த வீட்டைப் பற்றிக் கேட்டால், சொல்லத் தொடங்குவது சமையற்கட்டிலிருந்து. கட்டடக்கலை நூல்களில் வீட்டின் வரைபடம் முகப்பிலிருந்து தொடங்கும். அப்பத்தாவின் வரைபடத்தில் முகப்பு கடைசியில் வரும். சில நாள் வராமலே போகும்.

அவர் சொன்னதை வைத்து நாம் மனத்தில் வரைந்துகொண்ட வீடு இது. சமையற்கட்டு தனிக்கட்டடம். புகையும் வாடையும் தீயும் பெரிய வீட்டுக்குள் வராதிருக்க அவ்வாறு பிரித்திருந்தார்கள். அங்கிருந்து பெரிய வீட்டுக்குத் தகரக் கூரையிட்ட ஒரு நடைவழி. மழைக்காலத்தில் சூப்புக் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு அந்த வழியில் பதினெட்டு எட்டு நடக்க வேண்டும். அதற்கப்பால் சரிவில், வேலையாட்களுக்கு வரிசை அறைகள். அவற்றுக்குக் கணப்படுப்பு இல்லை. "தொரசானி நல்லவதான். போர்வை குடுத்தா. ஆனா போர்வை வேற, நெருப்பு வேற" என்பார் அப்பத்தா. குறையாக அன்று, தட்பவெப்பநிலைக் குறிப்பாகச் சொல்வார்.

ஆயா என்பதால் குழந்தையறைவரை அவருக்கு அனுமதி உண்டு. அந்த அறையின் கிழக்குச் சன்னலில் பன்னிரண்டு கண்ணாடிகள். ஒவ்வொரு நாளும் துடைத்ததால் எண்ணிக்கை மறக்கவில்லை. கூடத்தில் தூசு தட்டலாம், உட்காரலாகாது. இவையெல்லாம் எழுதப்பட்ட விதிகள் அல்ல, வீடே சொல்லிக்கொடுத்தவை. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, நடைவழி எங்கே முடிகிறது, எந்தப் படியில் செருப்பு கழல வேண்டும் என்பவற்றில் விதி அடங்கியிருந்தது.

அப்பத்தாவுக்கும் கீழே ஒரு படி இருந்தது. அந்த வீட்டின் குளியலறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவுகள். ஒன்று படுக்கையறைப் பக்கம். மற்றது நேரே வெளியே, சரிவை நோக்கி. கழிவு வாளியை எடுத்துச்செல்லும் பெண் அந்த வெளிக்கதவு வழியாக வந்து அதன் வழியாகவே போவார். வீட்டின் வேறெந்தத் தரையிலும் அவர் கால் பட்டதில்லை. வெள்ளையர் இந்தியாவில் கட்டிய பங்களாக்களின் பொது வழக்கம் இது. மலை வீடும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மதுரை அமெரிக்க மிஷன் 1847இல், சாதியைக் கைவிடாதவர்கள் சபையில் நீடிக்க முடியாது என்று உறுதியான நிலை எடுத்தது. அதனால் உபதேசியார் பலரை இழக்கவும் அது துணிந்தது. அந்தத் துணிவை எளிதாகக் கருதலாகாது. அதே மிஷன் இம்மலையில் முதல் வீடுகளைக் கட்டியது அதற்கு இரண்டே ஆண்டு முன்னர். சபைத் தீர்மானத்தில் சாதி ஒழிந்தது. வீட்டின் வரைபடத்தில் அது கதவாக நீடித்தது. நல்லெண்ணம் உடையவர்கள் கட்டிய வீடு என்பதாலேயே இந்த முரண் நம்மை அதிகம் வருத்துகிறது. தீர்மானத்தை மாற்றி எழுத ஒரு கூட்டம் போதும். சுவரை மாற்றி எழுத நூறாண்டானாலும் போதுவதில்லை. நம் ஊர் அக்கிரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் கொல்லைப்புறச் சந்து எதற்காக விடப்பட்டது என்று அறிந்தவர்கள், வெள்ளையரை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர முடியாது. வெளிக்கதவு அவர்கள் கொண்டுவந்ததா, நாம் கற்றுக்கொடுத்ததா என்றால், இருவருடைய வழக்கமும் அந்த நிலைச்சட்டத்தில் பொருந்தி நின்றன என்பதே விடை.

7

அப்பத்தா மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அந்த வீடு பின்னர் கைமாறி, இப்போது தங்கும் விடுதியாக இருக்கிறது. நண்பர் ஒருவரின் திருமண வரவேற்பை முன்னிட்டு அங்கே ஓர் இரவு தங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. பாரம்பரிய பங்களா என்று வாசலில் பலகை. முகப்பைப் பழுதில்லாமல் காத்திருக்கிறார்கள். கண்ணாடி முன்னறை இருக்கிறது. கணப்படுப்பு இருக்கிறது. நெருப்புக்குப் பதிலாக உள்ளே சிவப்பு மின்விளக்கு. கிழக்கு அறையில் பன்னிரண்டு கண்ணாடிச் சன்னலும் இருக்கிறது. எண்ணிப் பார்த்தோம்.

பின்புறம் போனோம். சமையற்கட்டு இல்லை. தகர நடைவழி இல்லை. வேலையாட்களின் வரிசை அறைகள் இருந்த சரிவு நிரவப்பட்டு, கார்கள் நின்றன. குளியலறைகளின் வெளிக்கதவுகள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டுச் சாந்து பூசப்பட்டிருந்தன. கருங்கல் சுவரில் ஆளுயர வழவழப்பான செவ்வகம் மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது.

விடுதிக்காரர் மீது குற்றமில்லை. அந்தக் கதவால் இன்று பயனில்லை. அது அடைபட்டதே ஒருவகையில் விடுதலை. ஆனால், பழைய வீடுகளைப் பாதுகாப்பது என்று நாம் பேசும்போது எதைப் பாதுகாக்கிறோம் என்ற கேள்வி அங்கே நம்மைப் பிடித்துக்கொண்டது. முன்புறம் பாரம்பரியம் ஆகிறது, பின்புறம் வாகன நிறுத்தம் ஆகிறது. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து அவ்வீட்டைக் காண்பவர், அங்கே வெயிலும் நெருப்பும் செபமும் மட்டுமே இருந்தன என்று நம்பிச் செல்வார். பதினெட்டு எட்டு நடந்தவர்கள் இருந்ததற்கு ஒரு கல்லும் சாட்சி சொல்லாது.

இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைக் காக்கும் இயக்கத்தின் வரலாற்றில் ஒரு பாதிரியார் வீட்டுக்குத் தனி இடமுண்டு. 1895இல் தோன்றிய நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, மறு ஆண்டு ஆல்ஃபிரிஸ்டன் என்ற சிற்றூரின் பதினான்காம் நூற்றாண்டுக் குருமனையைப் பத்து பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அது. மரச்சட்டமும் புல்கூரையுமான எளிய வீடு. அரண்மனையைத்தான் காக்க வேண்டும் என்றில்லை, ஒரு சிற்றூர்க் குருவின் வீடும் வரலாறே என்ற எண்ணம் அப்போது புதிது. அந்த எண்ணத்தை நாம் இன்னும் ஒரு படி கீழிறக்க வேண்டும். குருவின் வீடு வரலாறு என்றால், குருவின் சமையற்கட்டும் வரலாறு, ஆயாவின் அறையும் வரலாறு.

கொடைக்கானலுக்கு இதில் ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. இம்மலையின் கற்பதுக்கைகளை அளந்து பதிவு செய்தவர்கள் பாதிரிமாரே. ஆங்கிலாடே, நியூட்டன் இருவரும் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. யாரோ பெயரறியாத மலைமக்கள் தம் இறந்தோருக்காக எழுப்பிய கல்வீடுகளை, அந்நியர் இருவர் முழங்காலிட்டு நாடா பிடித்து அளந்தார்கள். அந்தப் பொறுமையை நாம் அவர்களுடைய வீடுகளுக்குத் திருப்பித் தரலாம். அவற்றில் வேலை செய்த நம்மவர்க்கும் அது உரியது.

சென்ற ஆண்டு நம் மாணவர்கள் நால்வரை அழைத்துக்கொண்டு, இன்னும் இடிபடாத ஒரு பழைய வீட்டை உரிமையாளர் அனுமதியோடு அளந்தோம். தமிழ் மாணவர்களுக்கு இது எதற்கு என்று துறையில் ஒருவர் கேட்டார். வீடும் ஒரு பிரதி, அதிலும் பாடபேதம் உண்டு என்று விடை சொன்னோம். சமையற்கட்டிலிருந்து அளக்கத் தொடங்கும்படி மாணவர்களிடம் சொல்லியிருந்தோம். நடைவழி, வரிசை அறைகள், குளியலறையின் வெளிக்கதவு எல்லாம் வரைபடத்தில் ஏறின. அந்தக் கதவுக்கு என்ன பெயர் எழுதுவது என்று ஒரு மாணவி கேட்டார். யார் வழியாகப் போனார்களோ அவர்கள் வேலையின் பெயரை எழுதச் சொன்னோம். "துப்புரவுப் பணியாளர் வாசல்" என்று தெளிவான கையெழுத்தில் எழுதினார். முன்வாசல் என்று எழுதிய அதே அளவு எழுத்தில்.

வரைபடத்தின் படி ஒன்றை உரிமையாளரிடம் கொடுத்தோம். கல்லூரி நூலகத்தில் ஒன்று இருக்கிறது. பழனி மலையிலும் நீலகிரியிலும் ஏற்காட்டிலும் இத்தகைய வீடுகளில் வேலை பார்த்தவர்களின் பேரன் பேத்திகள் இதைப் படிப்பவர்களில் இருக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் இருந்தால், அவர்கள் வேலை பார்த்த வீட்டைச் சமையற்கட்டிலிருந்து தொடங்கிச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை எட்டு, எத்தனை கண்ணாடி, எந்தப் படியில் செருப்பு என்பதையெல்லாம் கேட்டு எழுதி வையுங்கள்.